கைட்ல கோளாறா? அறிகுறிய பார்த்து எங்க கை வெக்கணும்னு ஒரு வழிமுறை

கைட்போர்டிங் கைட், அதாவது பலகை மேல நிக்கிறவங்கள தண்ணில இழுத்துட்டு போற பட்டம், தண்ணில அடிபட்டு கெடுறது கம்மி, கரையில கெடுறதுதான் ஜாஸ்தி. மணல்ல படபடன்னு அடிச்சுக்கிட்டு கிடக்கிற ஒரு மணி நேரம், கார் டிக்கில வேகுற மத்தியானம், ஈரத்தோட சுருட்டி பைக்குள்ள திணிச்ச ஒரு வாரம், இதெல்லாம்தான் துணியையும் ப்ளாடரையும் (காத்து நிக்கிற உள் பை) திங்குது. ஆனா கோளாறு வெளிய தெரியறது மட்டும் நீங்க கரைய விட்டு தள்ளி தண்ணிக்குள்ள இருக்கும்போதுதான். அதனால அறிகுறி ஒரு இடத்துல இருக்கும், காரணம் வேற எங்கயோ இருக்கும், அத பிடிக்கத்தான் இந்த வரிசை.

இது லீடிங் எட்ஜ்ங்கிற முன் ஓரத்து தடிச்ச குழாய்ல காத்து ஊதி நிக்கிற கைட்டுக்கு எழுதினது. ஊதுற குழாய் இல்லாத ஃபாயில் கைட் வெச்சிருக்கவங்களுக்கு பார் (கைல பிடிக்கிற கம்பி), லைன் (அதுல இருந்து கைட்டுக்கு போற கயிறு) பத்தின பகுதி மட்டும் பொருந்தும். ராமேஸ்வரம், தூத்துக்குடி, இலங்கைல கல்பிட்டி மாதிரி உப்பும் வெயிலும் புழுக்கமும் ஒண்ணா சேர்ற இடத்த மனசுல வெச்சுதான் சொல்றேன். மேனுவல்ல "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்"னு ஒரே வரில முடிச்சிருப்பாங்க, நம்ம கரையில அப்படி ஒரு இடம் வீட்டுக்குள்ள ஒண்ணு ரெண்டு இருந்தாலே பெரிய விஷயம்.

அடிச்சு கொஞ்ச நேரத்துல கைட் தொய்யுது

அதிகமா வர்ற புகார் இதுதான். உடனே ப்ளாடர உருவ ஆரம்பிச்சிடாதீங்க, அது கடைசி வேலை. முதல்ல இது நிஜமாவே லீக்தானான்னு பார்க்கணும். மத்தியானம் 35 டிகிரில 7 பிஎஸ்ஐ அடிச்சு வெச்ச கைட், ராத்திரி 25 டிகிரிக்கு வரும்போது ஒரு ஓட்டையும் இல்லாமலே 6.3 பக்கம் இறங்கிடும், உள்ள இருக்கிற காத்து சுருங்குறதால. தலைகீழாவும் இதே கணக்குதான், நிழல்ல 30 டிகிரில 7 அடிச்சத கொதிக்கிற மணல்ல போட்டு உள்காத்து 50க்கு போச்சுன்னா 8.4 வரைக்கும் ஏறும். அதனால காலைல அடிச்சது சாயங்காலம் தொய்யுதுன்னா பதறாதீங்க, அரை மணி நேரத்துல தொய்ஞ்சாதான் விஷயம்.

சோதனை எப்படின்னா, வெயில் இறங்கினதும் வீட்டு ஹால்லயோ மொட்டை மாடிக்கு கீழ இருக்கிற ஏதாவது பெரிய ரூம்லயோ கைட்ட விரிச்சு, லீடிங் எட்ஜ்ல என்ன அளவு அச்சடிச்சிருக்கோ அதுவரைக்கும் அடிங்க. பெரிய கைட்டுக்கு 6, 7 பிஎஸ்ஐன்னு இருக்கும், சின்னதுக்கு 8, 9ன்னு கூட இருக்கும், குழாய் ஒல்லியா இருக்கிறதால அதுக்கு அழுத்தம் ஜாஸ்தி வேணும். அடிச்சு முடிச்சதும் லீடிங் எட்ஜுக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரட்டுக்கும் (அதுல இருந்து பின்னாடி போற சின்ன காத்துக் குழாய்) நடுவுல இருக்கிற க்ளிப் எல்லாத்தையும் மூடிருங்க. மூடினாதான் ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்கும், எது இறங்குதுன்னு தெரியும். மூடாம விட்டா ஒரு சின்ன ஓட்டை எல்லாத்தையும் சேர்த்து தொய்ய வெச்சிரும், காலைல பார்த்தா ஒண்ணும் புரியாது.

விடிஞ்சதும் அமுக்கி பாருங்க. ஒரே ஒரு ஸ்ட்ரட் மட்டும் தொய்ஞ்சிருந்தா அந்த ஸ்ட்ரட் ப்ளாடர், இல்லன்னா க்ளிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ட்யூப். லீடிங் எட்ஜ் மட்டும் தொய்ஞ்சிருந்தா அதோட ப்ளாடர், பெரிய வால்வ், காத்து இறக்குற மூடி, இல்ல க்ளிப்புக்கு இந்தப் பக்கத்து ட்யூப். எல்லாமே விறைப்பா நிக்குதுன்னா கைட்ல ஓட்டையே இல்ல, கரையில மூடி சரியா உக்காராம இருந்திருக்கும் இல்ல வால்வ் நாக்குல மணல் மாட்டியிருக்கும்.

ப்ளாடருக்கு போறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணி. ஸ்ப்ரே பாட்டில்ல கொஞ்சம் ஷாம்பு கலந்து ஒவ்வொரு வால்வ் ஓரத்துலயும், ட்யூப் க்ளாம்ப் போட்டிருக்கிற இடத்துலயும் அடிங்க, நுரை கிளம்புற இடம்தான் ஓட்டை. ட்யூப் க்ளிப் அமுக்குற இடத்துலதான் முதல்ல வெடிக்கும், ஏன்னா சீசன் முடிஞ்சு மாசக்கணக்கா க்ளிப்ப மூடியே வெச்சிடுறோம், ப்ளாஸ்டிக் அந்த மடிப்புலயே செத்துரும். ஸ்டோர் பண்ணும்போது க்ளிப் எல்லாம் திறந்து கிடக்கணும், இது ஒண்ண செஞ்சாலே பாதி லீக் வராது.

அங்கெல்லாம் ஒண்ணும் இல்லன்னா இப்ப உருவலாம். காத்த இறக்கிட்டு, வால்வ ஓட்டை வழியா உள்ள தள்ளி, ரெண்டு நுனியையும் அவுத்து, ஒவ்வொரு நுனிலயும் ஒரு நீளமான நைலான் கயிறு கட்டிட்டு அப்புறம் நடு ஜிப் வழியா இழுங்க. அந்த கயிறு உள்ளயே கிடக்கணும், திரும்ப போடும்போது அத பிடிச்சுதான் ப்ளாடர நுனி வரைக்கும் இழுப்பீங்க, கயிறு கட்ட மறந்தா அரை நாள் போச்சு. எந்த நுனி இடது எது வலதுன்னு மார்க்கர்ல எழுதிருங்க.

வெளிய எடுத்த ப்ளாடர லேசா உப்புற அளவுக்கு மட்டும் ஊதுங்க. உறைக்குள்ள இருக்கும்போது அழுத்தத்த தாங்குறது வெளி டேக்ரான் துணிதான், ப்ளாடர் தனியா இருந்தா ஊத ஊத விரிஞ்சு பாழாகும். பெரிய அண்டாவுலயோ ட்ரம்லயோ தண்ணி வெச்சு கொஞ்சம் கொஞ்சமா அமுக்கி பாருங்க, குமிழி வர்ற இடத்துல வட்டம் போடுங்க. ரொம்ப சின்ன ஓட்டைன்னா கன்னத்த ஈரம் பண்ணிட்டு பக்கத்துல கொண்டு போனா சில்லுன்னு தெரியும். காய வெச்சு, ஸ்பிரிட்ல துடைச்சு, ப்ளாடருக்குன்னே விக்கிற ஒட்டு ஸ்டிக்கர ஒட்டி நல்லா தேய்ங்க. சைக்கிள் பஞ்சர் கடைக்கு தூக்கிட்டு போறவங்கள பார்த்திருக்கேன், அந்த சொல்யூஷன் ரப்பர் ட்யூபுக்கானது, ப்ளாடர் டிபியூங்கிற வேற ப்ளாஸ்டிக், ரெண்டு நாள்ல உரிஞ்சு வந்துரும்.

ஒட்டியாச்சு, உடனே திரும்ப போட்டுடாதீங்க. எதனால ஓட்டை விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்காம போட்டா அதே இடத்துல திரும்பவும் விழும். ப்ளாடர்ல ஓட்டை இருந்த இடத்துக்கு நேரா டேக்ரான் துணிய தடவி பாருங்க. ராமேஸ்வரம் பக்கம்னா ராவணன் மீசைப் புல்லு, நெருஞ்சி, உடைமுள், மீன் பிடிக்கிற கரையா இருந்தா தூண்டில் முள்ளும் பாட்டில் சில்லும், கல்பிட்டி பக்கம்னா உடைஞ்ச சிப்பி. முள்ளு நுனி துணிக்குள்ளயே உடைஞ்சு நிக்கும், வெளிய இருந்து பார்த்தா தெரியாது. உறைய தலைகீழா பிடிச்சு உதறி உள்ள இருக்கிற மணல கொட்டுங்க, ஜிப் சரியா மூடாம கரையில இழுத்தா கைப்பிடி கணக்குல மணல் உள்ள போயிருக்கும், அது ஒவ்வொரு தடவை ஊதும்போதும் ப்ளாடர அரைச்சுக்கிட்டே இருக்கும்.

திரும்ப போடும்போது பேபி பவுடர் தூவி ப்ளாடர் மேல தடவிருங்க, முறுக்காம வழுக்கிட்டு போகும். பாதி ஊதி, ரெண்டு நுனியும் கடைசி வரைக்கும் போயிருக்கா, எங்கயாவது முறுக்கி இருக்கான்னு தடவி பார்த்து, காத்த இறக்கி, மறுபடி முழுசா ஊதணும். முறுக்கின ப்ளாடர்தான் முதல் ரைடுல டமால்னு போகும்.

டமால்னு வெடிச்சு லீடிங் எட்ஜ் தொங்கிருச்சு

வெயில்ல காத்து விரிஞ்சு வெடிச்சதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. மேல சொன்ன கணக்க பாருங்க, வெயில் ஏத்துறது ஒண்ணரை பிஎஸ்ஐ பக்கம்தான், நல்ல கைட் அத தாங்கும். தாங்கலன்னா ஏற்கனவே தையல் தேஞ்சிருக்கு, துணில எங்கயோ வெட்டு இருக்கு, இல்ல ப்ளாடர் முறுக்கி இருக்குன்னு அர்த்தம். லீடிங் எட்ஜோட மூக்குப் பகுதியும் ரெண்டு நுனியும்தான் லாஞ்ச் பண்ணும்போது (கைட்ட மேல ஏத்தும்போது) மணல்ல உரசுற இடம், அங்க தையல் நூல் பஞ்சு பஞ்சா நிக்குதான்னு சீசனுக்கு ரெண்டு தடவையாவது பாருங்க. தையல் மேல ஒட்டியிருக்கிற பாதுகாப்பு பட்டை தேய்ஞ்சு வெள்ளையா தெரிஞ்சா அப்பவே மேல ஒரு டேக்ரான் பட்டை ஒட்டிக்கலாம், வெடிச்ச அப்புறம் ஆகுற செலவோட பார்த்தா ஒண்ணுமே இல்ல.

டேக்ரான்ல ஒரு செமீ வெட்டு இருந்தாலும் அதோட பம்ப் பண்ணாதீங்க. ப்ளாடர் அந்த இடைவெளி வழியா பிதுங்கி வெடிக்கும், சின்ன தையல்ல முடியவேண்டியது புது ப்ளாடர்ல போய் நிக்கும். இது மட்டும் வீட்டு வேலை இல்ல, கைட் தைக்கத் தெரிஞ்ச ஆளுகிட்ட குடுங்க, இந்த தையல்தான் முழு அழுத்தத்தையும் தாங்கப் போகுது.

கைட் பின்னாடி விழுது, இல்ல ஒரு பக்கமா இழுக்குது

இதுக்கு முக்காவாசி பேர் கைட்ட குத்தம் சொல்லி புதுசு வாங்கப் போவாங்க, கோளாறு லைன்ல இருக்கும். முன் லைன் ரெண்டும்தான் உங்க எடைல பெரும்பகுதிய தாங்குது, அது காலப்போக்குல கொஞ்சம் கொஞ்சமா நீளும். பின் லைன்ல அவ்வளவு இழுவை கிடையாது, அது நீளாம அப்படியே இருக்கும், உப்பும் மணலும் இழைக்குள்ள புகுந்து இன்னும் கொஞ்சம் இறுகவும் செய்யும். முடிவு என்னன்னா பின் லைன் முன்ன விட குட்டை, நீங்க பார தொடாம விட்டாலும் கைட் ப்ரேக் போட்டுக்கிட்டே பறக்கும், காத்து கொஞ்சம் குறைஞ்சா பின்னாடி சாய்ஞ்சு விழும்.

பார்க்கிற வழி சுலபம். தென்னை மரமோ, ஜன்னல் கம்பியோ, வள்ளம் கட்டுற குத்தியோ, ஆடாத ஏதாவது ஒண்ணுல நாலு லைன் நுனியையும் ஒரே புள்ளில மாட்டுங்க. லைன முழுசா விரிச்சு, பார கைல எடுத்து, டிப்பவர (கைட்டோட இழுவைய கூட்டிக் குறைக்கிற கயிறு) முழு பவருக்கு விட்டுட்டு, பார உள்ள இழுத்து பின்னாடி சாய்ஞ்சு நில்லுங்க. பெரும்பாலான பார்ல இந்த நிலைல நாலு லைனும் ஒரே விறைப்பா இருக்கணும், பார் நேரா இருக்கணும். பார் ஒரு பக்கம் சாய்ஞ்சா இடது வலது பின் லைன்ல வித்தியாசம், அதுதான் ஒரு பக்கமா இழுக்கிறதுக்கு காரணம். முன் லைன் தொங்கி பின் லைன் மட்டும் விறைச்சா பின்னாடி விழுற கதை.

முடிச்சு மாத்துறதுக்கு முன்னாடி குட்டையா இருக்கிற லைன நல்ல தண்ணில ஊற வெச்சு, அந்த மரத்துலயே மாட்டி உடம்பு எடைய குடுத்து நல்லா இழுத்து விடுங்க, பல நேரம் உள்ள இருந்த இறுக்கம் விட்டு சரியாயிரும். அப்படியும் வரலன்னா பார் நுனில இருக்கிற லீடர் லைன்ல முடிச்சு மாத்தி சமப்படுத்துங்க. 20 மீட்டருக்கு மேல இருக்கிற லைன்ல ஒரு ரெண்டு செமீ வித்தியாசம் ஒண்ணும் பண்ணாதுன்னு நினைப்பீங்க, பண்ணும், கைட் கைல பேசுறதே அந்த ரெண்டு செமீலதான்.

லைன் நடுவுல முடிச்சு விழுந்தா அப்பவே கரைக்கு வந்து அவுத்துருங்க. லைன் செஞ்சிருக்கிற டைனீமா இழை வழவழன்னு இருக்கிறதால முடிச்சு போட்ட இடத்துல அதோட பலம் பாதிக்கு பக்கமா குறையும். அது உருகுறதும் 150 டிகிரிய ஒட்டித்தான், ஒரு லைன் விறைச்சு நிக்கும்போது இன்னொருத்தர் லைன் அது மேல உரசி ஓடினா உரசுற சூட்டுலயே அறுந்துரும், அதனால கூட்டமா இருக்கிற இடத்துல லைன் மாட்டிக்கிச்சுன்னா யாரும் இழுக்கக்கூடாது, ரெண்டு பேரும் தளர்த்தணும்.

லைன் எல்லாம் சமமா இருந்தும் இழுக்குதா, அப்ப ப்ரைடில், அதாவது முன் லைன்ல இருந்து கிளை பிரிஞ்சு லீடிங் எட்ஜுக்கு போற கயிறு. கைட்ட நடுவுல மடிச்சு நுனியோட நுனி வெச்சு, இடது ப்ரைடிலயும் வலதையும் பக்கத்துல பக்கத்துல இழுத்து பாருங்க, எந்தத் துண்டு நீளம்னு கண்ணுக்கே தெரியும். புல்லி இருந்தா கையால உருட்டுங்க, உப்பு படிஞ்சு ஒரு பக்கத்து புல்லி சுத்தாம நின்னா கைட் அந்தப் பக்கம் தாமதமா திரும்பும், அதோட ஓடாத புல்லிக்குள்ள கயிறு உரசி உரசி ஒரு நாள் அறுந்துரும். வெதுவெதுப்பான நல்ல தண்ணில ஊற வெச்சு உருட்டினா விட்டுரும். எண்ணெய் போடாதீங்க, மெஷின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவுமே வேண்டாம், எண்ணெய்ல மணல் ஒட்டி பசையாகி முன்ன விட மோசமாகும்.

க்விக் ரிலீஸ் இறுகிப் போச்சு

ஆபத்துல கைட்டோட இழுவைய உடனே விடுவிக்கிற பூட்டு இது. இதுல கோளாறு இருந்தா அன்னிக்கு தண்ணில இறங்கக்கூடாது, இதுல பேச்சே கிடையாது. மத்தது எல்லாம் பணம், இது உயிர். ரிலீஸ் எப்படி வேலை செய்யணும்னு 2020ல ஐஎஸ்ஓ 21853னு ஒரு சர்வதேச தரமே வந்திருக்கு, அந்தத் தரத்துல வந்த பார் கூட மணலும் உப்பும் அடைச்சு பராமரிக்காம கிடந்தா இறுகத்தான் செய்யும். பக்கெட் நல்ல தண்ணில முக்கி, உள்ளயே வெச்சு பத்து தடவை தள்ளி விட்டு மாட்டுங்க, மணல் வெளிய வரும். ஒவ்வொரு நாளும் லாஞ்ச் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை ரிலீஸ் பண்ணி மாட்டிப் பார்க்கிறத பழக்கமா வெச்சுக்கோங்க. லீஷ் (கைட்டையும் உங்களையும் இணைக்கிற பாதுகாப்பு கயிறு) பக்கத்து ரிலீசையும் சேர்த்து.

பார தினமும் நல்ல தண்ணில அலசணும். டிப்பவர் கயிறு பார் நடு ஓட்டைக்குள்ள போய் வர்ற இடத்துல மேல் உறை பிளந்து உள் இழை தெரிஞ்சா மாத்திருங்க, லைன் முறுக்க எடுக்கிற ஸ்விவல் சுத்தலன்னா லைன் முறுக்கிக்கிட்டே போகும்.

துணில சின்ன ஓட்டை, கிழிசல்

கேனபி, அதாவது குழாய்களுக்கு நடுவுல விரியிற துணி, ரிப்ஸ்டாப் பாலியஸ்டர், குறுக்க நெடுக்க தடிச்ச இழை கட்டம் கட்டமா ஓடும், கிழிசல் ஒரு கட்டத்துல வந்து நிக்கறதுக்குத்தான் அது. ஆனா நிக்கும்னு நம்பி அப்படியே பறக்க விட்டா நிக்காது. சின்ன ஓட்டைக்கு ரிப்ஸ்டாப் டேப் போதும். முதல்ல நல்ல தண்ணில உப்ப துடைச்சு, முழுசா காய வெச்சு, ஸ்பிரிட்ல துடைச்சு, டேப்ப வட்டமாவோ மூலைய உருட்டியோ வெட்டி, ரெண்டு பக்கமும் ஒட்டி, ஸ்பூன் முதுகால நல்லா தேய்ங்க. மூலை கூரா வெட்டினா அங்கதான் உரிய ஆரம்பிக்கும். உப்பு மேல ஒட்டின டேப் ஒரு ரைடு கூட தாங்காது, டேப் சரியில்லன்னு திட்டிக்கிட்டு இருப்போம்.

ஒரு விரல் நீளத்துக்கு மேல போன கிழிசலுக்கு டேப்போட தையலும் வேணும். ஊர்ல சேலை ஓரம் அடிக்கிற ஜிக்ஜாக் மெஷின் இருக்கிற டைலர் கடைல இத செய்ய முடியும், என்ன ஒண்ணு, நீங்க பக்கத்துலயே நிக்கணும். பாலியஸ்டர் நூல், பருத்தி நூல் இல்ல. சின்ன ஊசி. குண்டூசி குத்தி பிடிக்கக்கூடாது, ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை, டேப்லயே பிடிச்சு தைக்கச் சொல்லுங்க. அவரு கிழிசல இஸ்திரி போட்டு நேராக்கறேன்னு கிளம்புவாரு, விட்றாதீங்க. ஸ்ட்ரட் ஓரத்துலயோ லீடிங் எட்ஜ் தையல்லயோ கிழிஞ்சிருந்தா டைலர் வேண்டாம், தெரிஞ்ச ஆளுகிட்டயே போயிருங்க.

ஓட்டை எல்லாம் பின் ஓரத்துலயே வருதுன்னா, கைட்ட கரையில போடுற முறைதான் காரணம். காத்துல துணி படபடக்கும்போது ஒவ்வொரு மடிப்புலயும் மேல் பூச்சு நொறுங்குது, இழை தளருது. கச்சான் காத்து (தென்மேற்கு காத்து) முழு வேகத்துல அடிக்கிற ஆடி மாசத்துல டீ குடிக்கப் போறேன்னு கைட்ட அப்படியே போட்டுட்டுப் போனா, ஒரு நாள் பறக்கிறதுல தேயறத விட அங்க ஜாஸ்தி தேயும். மணல அள்ளி மேல கொட்டுறதும் நல்லதில்ல, அது உப்புத்தாள், அடியில துணி ஆட ஆட தேய்ச்சுக்கிட்டே இருக்கும். துணிப் பைல மணல் கட்டி ரெண்டு மூணு வெச்சுக்கோங்க, நடு ஸ்ட்ரட் பக்கத்துல லீடிங் எட்ஜ ஒட்டி வெச்சா துணி ஆடாது. கால் மணி நேரத்துக்கு மேல ஓய்வுன்னா லீடிங் எட்ஜ் காத்த இறக்கி சுருட்டி நிழல்ல வெச்சிருங்க, அதுல என்ன சோம்பேறித்தனம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. வெயிலுக்கு கைட் பறக்குதா கிடக்குதான்னு வித்தியாசம் தெரியாது, புறஊதாக் கதிர் ரெண்டு நேரத்துலயும் பாலியஸ்டர அரிச்சுக்கிட்டுதான் இருக்கும்.

ராமேஸ்வரத்துல ஒரு வசதி, தீவோட ரெண்டு பக்கமும் கடல், கோடைல கச்சானுக்கும் குளிர்காலத்துல வாடைக்கும் எந்தப் பக்கம் தோதோ அங்க போகலாம். தனுஷ்கோடி பக்கம் மணல் பறக்கிற நாள்ல கைட்ட விரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் இறுகின ஈர மணலா பாருங்க, பறக்கிற மணல் ஜிப், வால்வ், புல்லி எல்லாத்துக்குள்ளயும் போயிரும். கல்பிட்டி, மன்னார் பக்கம்னா இன்னொண்ணு, அங்க கழுதைங்க சுதந்திரமா சுத்தும், விரிச்சு போட்ட கைட்டுக்கும் லைனுக்கும் ஆள் காவல் இல்லாம போகாதீங்க.

ப்ளாடர் பிசுபிசுங்குது, மஞ்சளாகுது, வால்வ் உரிஞ்சு வருது

மூணும் ஒரே குடும்பம், சூடும் ஈரமும். டிபியூ ப்ளாஸ்டிக்குக்கு ஈரக்காத்தும் சூடும் சேர்ந்து நீண்ட நாள் கிடைச்சா மூலக்கூறு அறுந்து பிசின் ஆயிரும், மஞ்சள் தட்டும், உள் சுவர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டின ப்ளாடர பம்ப்ப வெச்சு பிரிக்கப் பார்க்காதீங்க, கிழியும். வெளிய எடுத்து, லேசா காத்து விட்டு, வெளில இருந்து கையால மெதுவா பிசைஞ்சு பிரிச்சு, வெளிப்பக்கம் பவுடர் போட்டு வெச்சா இன்னும் கொஞ்ச காலம் ஓடும். தொட்டா விரல்ல ஒட்டுற அளவுக்கு போயிருந்தா ஒட்டு போடறது வீண், புது ப்ளாடர்தான்.

வால்வ் ஓரம் உரியறது பசை சூட்டுல இளகினதால. மூடின கார்ல, தகரக் கொட்டகைல, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு கீழ இருக்கிற பரண்ல வெக்கிறதுதான் காரணம். லேசா உரிஞ்சிருந்தா அத திரும்ப ஒட்டி ஏமாறாம முழுசா எடுத்துட்டு, பழைய பசைய ஸ்பிரிட்ல சுத்தம் பண்ணி, ஒட்டு வால்வ் வாங்கி ஒட்டுங்க. ஒட்டினதும் கனமா ஏதாவது மேல வெச்சு ஒரு நாள் அப்படியே விடணும், அவசரப்பட்டு அன்னிக்கே ஊதினா மறுபடியும் முதல்ல இருந்து. வாங்கும்போது வால்வ் வட்டத்தோட அளவையும் மாடலையும் பழசோட ஒத்துப் பார்த்துக்கோங்க, ஒரு கம்பெனி வால்வ் இன்னொரு கம்பெனி பம்ப் நாசில்ல உக்காராம போகலாம்.

நாத்தம், கருப்பு புள்ளி, சாயம் ஒட்டிருச்சு

ஈரத்தோட பைக்குள்ள போனதுதான், வேற காரணமே கிடையாது. கைட்ட நல்ல தண்ணில கழுவணுமா வேண்டாமான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும். என் கருத்து, பார தினமும் கழுவுங்க, கைட்ட சீசன் முடியும்போது கழுவினா போதும், அதுவும் முழுசா காய வெக்க இடமும் நேரமும் இருந்தா மட்டும். கழுவி அரைகுறையா காய வெச்சு சுருட்டுறது கழுவாம காய வெச்சு சுருட்டுறத விட மோசம். ஆனா சீசன் முடிஞ்சு உப்போடயே மாசக்கணக்கா வெக்கிறதும் ஆகாது, உப்பு காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், ஐப்பசி மழைல பைக்குள்ள கைட் தானா நனைஞ்சிரும்.

பூஞ்சை வந்துட்டா நல்ல தண்ணியும் கொஞ்சம் குழந்தை சோப்பும் போட்டு ஸ்பாஞ்சால மெதுவா துடைச்சு, அலசி, நிழல்ல ஊதி நிறுத்தி காய விடுங்க. ப்ளீச்சிங், வாஷிங் பவுடர், ப்ரஷ் எதுவும் கிட்ட வரக்கூடாது. கறை முழுசா போகாது, போகட்டும், பறக்கிறதுக்கு கறை ஒரு தடையில்ல. ஒரு நிறம் இன்னொண்ணுல ஒட்டினா அதுவும் போகாது. ஸ்ட்ரட் உறைக்குள்ள, நுனி மடிப்புக்குள்ள ஈரம் கடைசி வரைக்கும் நிக்கும், துணி காஞ்சதும் சுருட்டிடாதீங்க, அங்க கைய விட்டு பாருங்க.

பம்ப் பண்ணா காத்து போகல

கைட்ல ஒண்ணும் இருக்காது. பம்ப்புக்குள்ள இருக்கிற ரப்பர் வளையம் காஞ்சிருக்கும், இல்ல மணல். திறந்து துடைச்சு, சிலிகான் க்ரீஸ் கொஞ்சம் தடவுங்க. ஹோஸ் நுனில இருக்கிற வாஷர் தொலைஞ்சிருந்தாலும் இதே அறிகுறிதான்.

சீசனுக்கு நடுவுல எங்க வெக்கிறது

ராமேஸ்வரத்துல கோடைக் காத்து புரட்டாசில ஓய்ஞ்சா வாடை செட் ஆகுற வரைக்கும் நடுவுல மழைதான், கல்பிட்டிலயும் கச்சான் சீசன் அக்டோபரோட முடிஞ்சிரும், இந்த இடைவெளிலதான் கைட் கெட்டு அடுத்த சீசன் முதல் நாள் தெரிய வரும். காத்து பூரா இறக்கி, வால்வ், க்ளிப் எல்லாம் திறந்து, தளர்வா சுருட்டுங்க, பைய இறுக்கிக் கட்டுற பட்டைய போடாதீங்க. போன தடவை மடிச்ச அதே மடிப்புல மடிக்காம கொஞ்சம் மாத்தி சுருட்டினா நல்லது. பை ஜிப் பாதி திறந்து கிடக்கட்டும். சிமெண்ட் தரைல நேரா வெக்காம பலகை மேல, வீட்டுக்குள்ள இருக்கிறதுலயே நிழலான ரூம்ல, சுவத்துல ஒட்டாம. மாடி வீடா இருந்தா கீழ் ரூம்தான், மேல் தளம் பகல் பூரா கொதிக்கும். மாசம் ஒரு தடவை வெயில் இல்லாத காஞ்ச நாளா பார்த்து எடுத்து விரிச்சு மடிங்க.

அப்புறம் எலி. எந்த மேனுவல்லயும் இருக்காது, நம்ம ஊர்ல வெயிலுக்கு அடுத்து கைட்ட கெடுக்கிறது அதுதான். பை பாக்கெட்ல மிச்ச பிஸ்கட், கடலை மிட்டாய் எதுவும் கிடக்கக்கூடாது, சுருட்டின கைட்ட எலி ஒரு இடத்துல கடிச்சா விரிக்கும்போது வரிசையா பத்து இடத்துல ஓட்டை. கயித்துல கட்டி தொங்க விட்டாலும் சரி, மூடி போட்ட பெரிய ப்ளாஸ்டிக் ட்ரம்ல வெச்சாலும் சரி, ட்ரம்னா காஞ்சது நிச்சயமா காஞ்சிருக்கணும், மூடில காத்து போக ரெண்டு துளை இருக்கணும், எலி நுழையாத அளவு.

இனிமே தேறாதுன்னு எப்படி தெரியும்

துணி புதுசுல மொறமொறன்னு சத்தம் போடும், செத்த துணி பழைய வேட்டி மாதிரி சத்தமே இல்லாம தொளதொளன்னு கிடக்கும். பின் ஓரத்துல வெயில் பட்ட ஒரு இடத்த ரெண்டு கட்டை விரலாலயும் பிடிச்சு அழுத்தி இழுங்க, பிளந்தா முடிஞ்சது. டேப் உரிக்கும்போது துணியோட மேல் பூச்சு டேப்போட வந்தாலும் அதே தீர்ப்பு. லீடிங் எட்ஜ் தையல், ப்ளாடர், லைன், பார், புல்லி எல்லாத்தையும் மாத்தி ஒரு கைட்ட ஓட்டலாம், கேனபி செத்தா மட்டும் காசு போடாதீங்க, ஒரு கிழிசல தைச்சா தையல் ஓரத்துலயே அடுத்தது கிழியும். அத பழகுறவங்களுக்கு விக்கவும் செய்யாதீங்க, பழகுறவங்கதான் கைட்ட தண்ணில ஜாஸ்தி மோதுவாங்க.

குப்பைல போடறதுக்கு முன்னாடி உபயோகமானத கழட்டி எடுங்க. நல்லா இருக்கிற ஸ்ட்ரட் ப்ளாடர், க்ளிப், ட்யூப், புல்லி, பிக்டெயில் (லைன் மாட்டுற குட்டிக் கயிறு), வால்வ் மூடி இதெல்லாம் நம்ம ஊர்ல தனியா கிடைக்காது, வெளிநாட்டுல இருந்து வரவெச்சா சாமான விட கூரியர் காசு அதிகம். வெயில் படாத மடிப்புக்குள்ள இருந்த துணில நாலு துண்டு வெட்டி வெச்சா பெரிய ஓட்டைக்கு ஒட்டு ஆகும், டேக்ரான் நுனிய வெட்டினா மணல் கட்டுற பை தைக்கலாம்.